கார் வரி பில் மோசடி இல்லை, தம்பி

தம்பி, மூன்று மாதத்துக்கு முன்னால் வர்ஜீனியாவில், சாண்டில்லி பக்கம் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பழைய கேம்ரி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இப்போது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அந்த வண்டிக்கு வரி கட்டச் சொல்லி பில் அனுப்பியிருக்கிறது. "வாங்கும்போதே வரி கட்டிவிட்டேனே, இது ஏதாவது ஃபிராடா? அடுத்த வருஷம் வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம், எந்தப் பக்கம் வரி கம்மி? நல்ல ஸ்கூல் எங்கே? ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவர வேண்டுமா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கிரைண்டர் 110 வோல்ட்டில் இங்கேயே கிடைக்கிறது, தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்கூல் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் பத்துப் பேர் வந்து சொல்வார்கள். வரியைப் பற்றித்தான் நம் ஆட்கள் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதனால் அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பில் உண்மையானதுதான். வண்டி வாங்கியபோது வண்டிகளைப் பதியும் மாநில அலுவலகமான டிஎம்வியில் கட்டிய 4.15 சதவீதம் மாநிலத்துக்குப் போனது. இது கவுண்டிக்கு, அதுவும் வருஷா வருஷம். வண்டியின் மதிப்பில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் 4 டாலர் 57 சென்ட். லீஸ் வண்டியானாலும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். பக்கத்தில் மேரிலாந்திலும் வாஷிங்டனிலும் இப்படி ஆண்டு வரி கிடையாது. அங்கே இருக்கும் நண்பர் "எனக்கு வரவில்லையே" என்று சொன்னால் அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

பில்லில் முதல் 20,000 டாலர் மதிப்பு வரைக்கும் ஒரு பங்கை மாநிலம் கழித்திருக்கும், பாருங்கள். அதற்கு ஒரு கதை உண்டு. 1997-ல் ஜிம் கில்மோர் என்பவர் "கார் வரியே கிடையாது" என்று சொல்லித்தான் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். படிப்படியாக முழுவதையும் மாநிலமே ஏற்றுக்கொள்வதாகத் திட்டம். 70 சதவீதம் வரை வந்ததும் கஜானா தாங்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. பிறகு 2006 முதல் மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு 95 கோடி டாலர், அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்று பூட்டுப் போட்டார்கள். வண்டிகளும் விலையும் ஏறுகின்றன, அந்தத் தொகை ஏறுவதில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் கழிவு தேய்ந்துகொண்டேதான் போகும்.

நாங்கள் ரெஸ்டனில் வந்து இறங்கியது 2001-ல். டாட்காம் சரிந்த நேரம். என் கணவரைக் கூட்டிவந்த கன்சல்டிங் கம்பெனி ஆறு வாரத்தில் வேலை இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்து, சம்பளத்தையும் நிறுத்திவிட்டது. அந்த நிலையில்தான் எங்களுக்கும் இதே பில் வந்தது. போதாததற்கு அப்போது கவுண்டி ஸ்டிக்கர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கார் கண்ணாடியில் ஒட்டவும் வேண்டும். அந்த வழக்கத்தை 2006-ல் எடுத்துவிட்டார்கள். கேட்க ஆள் கிடையாது. இருந்த நாலு தமிழ்க் குடும்பமும் "கட்டித்தான் ஆகணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர் ஃப்ளாட்டில் இருந்த ஒரு பெரியவர்தான், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பில்லை மேசையில் விரித்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் நியூஜெர்சி வழியாக வந்தவர் என்றால் இன்னொன்று. அந்த மாநில நம்பர் பிளேட்டை மாற்றாமலே ஐந்தாறு வருஷம் ஓட்டிக்கொண்டு, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பார்ட்டியில் பேசும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். குடிவந்த 60 நாளுக்குள் வண்டியைக் கவுண்டியில் பதிய வேண்டும். வெளிமாநில பிளேட் ஒன்று ஒரே வாசலில் மாதக்கணக்கில் நின்றால் அக்கம்பக்கத்தவர் கவுண்டிக்குத் தகவல் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். அபராதத்தோடு வரும். அதே ஆட்கள்தான் பிள்ளைகளின் ஸ்கூலில் வகுப்புக்கு முப்பது பேர் என்று குறைப்படுவார்கள். அந்த ஸ்கூலுக்குப் பணம் வானத்திலிருந்தா வருகிறது? கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. இங்கே ஸ்கூல் போர்டுக்கு சொந்தமாக வரி போடும் அதிகாரமே கிடையாது. கவுண்டி போர்டு கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும்.

சரி, வீடு. முதலில் விலாசத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தபால் விலாசத்தில் ஃபால்ஸ் சர்ச் என்றோ அலெக்ஸாண்ட்ரியா என்றோ இருந்தாலும் வீடு ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் இருக்கலாம். அந்த நகரங்களோ கவுண்டியைச் சேராத தனி நகரங்கள், அவற்றுக்குத் தனி ரேட். மாறாக ஹெர்ன்டனும் வியன்னாவும் கவுண்டிக்குள்ளே இருக்கும் டவுன்கள். அங்கே கவுண்டி வரியும் உண்டு, அதற்கு மேல் டவுன் வரியும் உண்டு.

அடுத்தது, எல்லாரும் ரேட்டைப் பற்றியே பேசுவார்கள். நூறு டாலருக்கு எத்தனை சென்ட் என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி அசெஸ்மென்ட். ஜனவரி 1 அன்று உங்கள் வீட்டின் சந்தை மதிப்பு என்ன என்று கவுண்டி ஒவ்வொரு வருஷமும் போட்டு, பிப்ரவரி வாக்கில் கடிதம் அனுப்பும். 2022-ல் என்ன நடந்தது என்றால், ரேட்டை 1.14 டாலரிலிருந்து 1.11 டாலருக்கு இறக்கினார்கள். மூன்று சென்ட் குறைந்தது என்று ஒரே சந்தோஷம். ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு முந்தின வருஷம் 6,840 டாலர். வீட்டு மதிப்பு பத்து சதவீதம் ஏறியது என்று வையுங்கள், 6,60,000. புது ரேட்டில் 7,326. ரேட் இறங்கி, பில் 486 டாலர் ஏறிவிட்டது. இதை மறைக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது: மதிப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறினால், பழைய வருமானமே வர வேண்டுமானால் ரேட் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கவுண்டி விளம்பரமாகப் போட வேண்டும். போடுகிறார்கள். படிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் நாங்கள் பார்த்தோம். வீட்டு விலை எகிறிய காலத்தில் ரேட் 1.23-லிருந்து 89 சென்ட் வரை இறங்கியிருந்தது. விலை விழுந்த பிறகு 2009-ல் நாங்கள் சென்டர்வில்லில் வாங்கினோம். அந்த வருஷம் ரேட்டை 92 சென்டிலிருந்து 1.04-க்கு ஏற்றினார்கள். நண்பர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி போன் பண்ணினார்கள். எங்கள் பில் என்னவோ பழைய சொந்தக்காரர் கட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது.

மதிப்பு அநியாயமாகப் பட்டால் முறையிடலாம். முதலில் வரித்துறையிலேயே. அங்கே ஒத்துவராவிட்டால் ஜூன் 1-க்குள், மதிப்பு பற்றிய முறையீடுகளைக் கேட்கும் போர்டு ஆஃப் ஈக்வலைசேஷனில். "ஜாஸ்தியாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் நடக்காது. உங்கள் தெருவில் விற்ற வீடுகளின் விலையோடு போக வேண்டும்.

புது வீடு வாங்குகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடியாத வீட்டுக்கு அசெஸ்மென்ட் வெறும் நிலத்துக்கு மட்டும் இருக்கலாம். கடன் கொடுக்கிறவர்கள் அதை வைத்து எஸ்க்ரோ, அதாவது வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கிவைக்கும் பணம், கணக்குப் போட்டுவிடுவார்கள். மாதத் தவணை கட்டுப்படியாகும் என்று கையெழுத்துப் போடுவீர்கள். வீடு முடிந்ததும் முழு மதிப்புக்கு வரி வரும், எஸ்க்ரோவில் பற்றாக்குறை என்று கடிதம் வரும், தவணை சில நூறு டாலர் எகிறும். என் தங்கை வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. கடன் கம்பெனிக்குப் போன் பண்ணினால் "வரியைக் கவுண்டி போடுகிறது, நாங்கள் என்ன செய்வது" என்று பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். எஸ்க்ரோ என்பதே மறைப்புத்தான். ஜூலை 28-லும் டிசம்பர் 5-லும் பாதிப் பாதியாக நீங்களே செக் எழுதினால் வலிக்கும், கேள்வி வரும். மாதத் தவணைக்குள் கலந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

கேள்வி கேட்க ஒரு காலம் இருக்கிறது. இங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. பிப்ரவரியில் கவுண்டி எக்ஸிக்யூட்டிவ், இவர் தேர்தலில் வந்தவர் அல்ல, நியமிக்கப்பட்ட அதிகாரி, வரைவு பட்ஜெட்டை வைப்பார். மார்ச்சில், மக்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் கொண்ட சூப்பர்வைசர்ஸ் போர்டு, அதாவது கவுண்டி போர்டு, ஒரு ரேட்டை விளம்பரம் செய்யும். அந்த ரேட்தான் உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம், மேலே ஏற்ற முடியாது. ஏப்ரலில் பொதுமக்கள் பேசலாம். மே தொடக்கத்தில் ஓட்டெடுப்பு, முடிந்தது கதை. 2024-ல் விளம்பரம் செய்தது 1.135, கடைசியில் 1.125 ஆனது. 2025-ல் விளம்பரம் 1.14, கடைசியில் 1.1225. இந்த இறக்கமெல்லாம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் நடந்தவை. நம் வாட்சப் குரூப்பில் புலம்பல் ஆரம்பிப்பது ஜூலையில்.

"எச்1பி-யில் இருக்கிறோம், நாம் போய்ப் பேசலாமா, விசாவுக்குப் பிரச்சினை வருமா" என்று கேட்பார்கள். ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். பேசுவதற்குக் குடியுரிமை யாரும் கேட்பதில்லை. பெயர் கொடுத்தால் மைக் கிடைக்கும்.

அந்த எதிர் ஃப்ளாட் பெரியவர்தான் என்னை முதன்முதலில் போர்டு கூடும் கவர்ன்மென்ட் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான், விளக்கு சிவப்பானதும் உட்கார வேண்டும். ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். ஒரு பாட்டி நூலகத்தின் திறப்பு நேரத்தைக் குறைக்காதீர்கள் என்றார். பென்ஷனில் இருக்கும் ஒருவர் இதற்கு மேல் வரி ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்றார். எங்கள் எதிர் ஃப்ளாட் பெரியவர் எழுந்து, தீயணைப்பு நிலையச் செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பக்க எண் சொல்லிக் கேட்டார். போர்டு உறுப்பினர் ஒருவர் உடனே அந்தப் பக்கத்தைப் புரட்டினார். நம் ஊரில் கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுவோடு நின்ற அப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம். பிறகு நானே பேசினேன், என் பையன் ஸ்கூலில் இடமில்லாமல் டிரெய்லரில் வகுப்பு நடந்த காலத்தில். கால் நடுங்கியது, ஆங்கிலம் தடுக்கியது, ஆனாலும் எழுதிவைத்ததை முழுக்க வாசித்து முடித்தேன்.

எந்தப் பக்கம் வரி கம்மி என்று கேட்டீர்களே. லவுடன் கவுண்டியில் 2025-க்கு 80.5 சென்ட்தான். அங்கே ஆஷ்பர்னில் இருக்கும் நண்பர்கள் ஏதோ தாங்களே சிக்கனம் பிடித்துக் குறைத்த மாதிரி பேசுவார்கள். டேட்டா சென்டர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போடும் வரி கொட்டுகிறது, அதனால் வீட்டுக்காரர்களுக்கு ரேட் குறைகிறது. அந்தக் கட்டடங்களும் உயர் அழுத்த மின்கம்பிகளும் உங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும், அது பரவாயில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். எங்கள் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு வருமானம் வீடு, நிலத்திலிருந்துதான் வருகிறது. கவுண்டி வருமான வரி போடுவதில்லை.

வேறு வழி தேடித்தான் 2025 மே மாதம் ஹோட்டல் சாப்பாட்டுக்கு 4 சதவீத வரி போட்டார்கள், 2026 ஜனவரி 1 முதல். இதையே 2016-ல் பொது வாக்கெடுப்புக்கு விட்டபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். 2020-ல் மாநிலம் சட்டத்தை மாற்றியது, வாக்கெடுப்பு இல்லாமலே போடலாம் என்று. இப்போது விற்பனை வரி 6 சதவீதத்தோடு சேர்த்து ஒரு மசால் தோசைக்குப் பத்து சதவீதம். எங்கள் குரூப்பில் ஜனவரியில் பெரிய சண்டை, யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று. கேட்டார்கள், ஏப்ரலில். அப்போது குரூப்பில் ஓடிக்கொண்டிருந்தது சித்திரைத் திருநாள் விருந்துக்கு யார் யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்ற பட்டியல்.