உபுண்டு 24.04-க்கு ஏறிய பின் திரை மாறிவிட்டதா? பெங்களூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 மே மாதத்தோடு நின்றன. அங்கிருந்து நேராக 24.04-க்குத் தாவ வழியில்லை, இடையில் 22.04-ஐக் கடந்தாக வேண்டும். உபுண்டுவின் திரையை அமைக்கும் மென்பொருளான க்னோம், 20.04-இல் 3.36, 22.04-இல் 42, 24.04-இல் 46. கணினியைத் திறந்ததும் எல்லாமே இடம் மாறியது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். காணவில்லை என்று வாசகர்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை வேறு இடத்துக்குப் போயிருக்கின்றன. அந்த இடங்களைக் கீழே சொல்கிறோம்.

மேலே இடது மூலையில் இருந்த 'ஆக்டிவிட்டீஸ்' என்ற எழுத்தைக் காணோம். ஒரு சின்னப் பட்டையும் சில புள்ளிகளும்தான் தெரிகின்றன. ஏதாவது பழுதா? (அல்சூர்)

பழுதில்லை. க்னோம் 45-இல் அந்த எழுத்தை எடுத்துவிட்டு இந்தக் குறியை வைத்தார்கள். நீளமான பட்டை நீங்கள் இப்போது இருக்கும் ஒர்க்ஸ்பேஸ், அதாவது சன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித் திரைகளில் ஒன்று. புள்ளிகள் மற்ற ஒர்க்ஸ்பேஸ்கள். அதைச் சொடுக்கினால் பழைய ஆக்டிவிட்டீஸ் திரையே திறக்கும். சுட்டியை அதன் மேல் வைத்து உருளையைச் சுழற்றினால் ஒர்க்ஸ்பேஸ் மாறும். பலருக்கு இது தெரிவதில்லை.

இதைவிட விரைவான வழி விசைப்பலகையில் உள்ள சூப்பர் விசை, அதாவது விண்டோஸ் சின்னம் உள்ள விசை. ஒருமுறை தட்டினால் திறந்திருக்கும் சன்னல்கள் எல்லாம் தெரியும். சூப்பரோடு 'ஏ' அழுத்தினால் செயலிகளின் பட்டியல் வரும்.

20.04-லிருந்து வந்தவர்களைக் கூடுதலாகக் குழப்புவது இன்னொன்று. அப்போது ஒர்க்ஸ்பேஸ்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தன. க்னோம் 40 முதல் இடமிருந்து வலமாக வரிசைப்பட்டுள்ளன. ஆகவே கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு மேல், கீழ் அம்புக்குப் பழகிய கை இனி இடது, வலது அம்புக்குப் போக வேண்டும். சன்னலையும் உடன் கொண்டுபோக ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒர்க்ஸ்பேஸ்கள் தாமாகக் கூடிக் குறைவது பிடிக்காவிட்டால், செட்டிங்ஸில் 'மல்டிடாஸ்கிங்' பக்கத்தில் நிலையான எண்ணிக்கை ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

கடையில் பில் போடும் பையன்களுக்கு விண்டோஸ் பழக்கம். பட்டை கீழே வர வேண்டும். ஐகானை மறுபடி சொடுக்கினால் சன்னல் மறைய வேண்டும். 22.04-இல் 'அப்பியரன்ஸ்' பக்கத்தில் டாக் எனப்படும் அந்தப் பட்டையின் அமைப்பு இருந்தது, இப்போது இல்லை. (சிவாஜிநகர்)

அது இப்போது செட்டிங்ஸில் 'உபுண்டு டெஸ்க்டாப்' என்ற தனிப் பக்கத்தில் இருக்கிறது. 'பொசிஷன் ஆன் ஸ்கிரீன்' என்பதை 'பாட்டம்' என மாற்றுங்கள். ஐகானின் அளவு, தானாக மறைவது, திரையின் முழு அகலத்துக்கும் நீள்வதற்கான 'பேனல் மோட்' எல்லாம் அதே பக்கத்தில்தான்.

சொடுக்கினால் மறையும் வசதிக்கு அங்கே பொத்தான் இல்லை. ஆனால் உள்ளே அந்த அமைப்பு இருக்கிறது. 'டிகான்ஃப் எடிட்டர்' என்ற செயலியை நிறுவி, ஆர்க், க்னோம், ஷெல், எக்ஸ்டென்ஷன்ஸ், டாஷ்-டு-டாக் என்று கிளை கிளையாக இறங்குங்கள். அங்கே 'கிளிக்-ஆக்ஷன்' என்பதைத் திறந்து, 'யூஸ் டிஃபால்ட் வேல்யூ' என்பதை அணைத்து, 'மினிமைஸ்-ஆர்-பிரிவ்யூஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தால் அது மறையும். பல சன்னல்கள் இருந்தால் சிறு படங்களாக வரிசையாய்க் காட்டும். வெறும் 'மினிமைஸ்' வேண்டாம். நான்கு பில் சன்னல்கள் திறந்திருக்கும் கடையில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அந்தச் சிறு படங்கள் தேவைப்படும். இந்த எடிட்டரில் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஆல்ட்-டேப் அழுத்தும்போது ஒரே செயலியின் சன்னல்கள் ஒன்றாகக் குவிந்து வந்தால், செட்டிங்ஸ், கீபோர்டு, ஷார்ட்கட்ஸ் பட்டியலில் 'நேவிகேஷன்' பிரிவுக்குப் போய் 'ஸ்விட்ச் விண்டோஸ்' என்பதற்கு ஆல்ட்-டேப்பைக் கொடுங்கள். பழைய ஒதுக்கீட்டை மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்றால் போதும்.

வார இறுதியில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் தட்டச்ச வேண்டும். ஏறிய பின் தமிழ்99-இல் ஒற்று தானாக விழுவதில்லை. மொழி மாற்றும்போதும் வரிசை தப்புகிறது. (கே.ஆர்.புரம்)

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ஒற்று. உபுண்டுவில் தமிழ்99 இரண்டு வடிவில் கிடைக்கிறது. 'தமிழ்நெட் 99' என்ற பெயரில் வருவது வெறும் விசைப்பலகைப் படம்: ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 'தமிழ்99' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'எம்17என்' என்று வருவது உள்ளீட்டு நிரல். தமிழ்99-இன் விதிகளை அறிந்தது இதுதான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதில் புள்ளி விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் விழும். ப, க, க, ம என்று தட்டிக் கடைசியில் புள்ளிக்கான எஃப் விசையை அழுத்தினால் 'பக்கம்'. த, ந, த என்று தட்டினால் 'தந்த'. உங்கள் கணினியில் இப்போது முதல் வடிவம் மட்டும் இருக்கிறது என்று தெரிகிறது.

சரிசெய்யும் முறை இது. 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை டெர்மினலில் ஆப்ட் கட்டளை மூலமாகவோ, சினாப்டிக் செயலி மூலமாகவோ நிறுவுங்கள். புதிய ஆப் சென்டரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஸ்னாப் என்ற வகைத் தொகுப்புகளை முன்னிறுத்துவது, இதுபோன்ற உள்கருவிகள் அதில் எளிதில் அகப்படாது. நிறுவியதும் வெளியேறி மறுபடி நுழையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுப் பட்டியலில் வரவில்லையே என்று தேடுபவர்கள் பலர். பிறகு செட்டிங்ஸ், கீபோர்டு, 'இன்புட் சோர்சஸ்', கூட்டல் குறி. மூன்று புள்ளிகளைத் தட்டினால் தேடும் பெட்டி வரும். அதில் தமிழைத் தேடி எம்17என் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டு, பழைய தமிழ்நெட் 99-ஐ நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் எதில் தட்டுகிறோம் என்பது மேலே தெரியும் குறியீட்டை வைத்துப் பிடிபடாது.

இனி வரிசை. சூப்பரும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரிசைப்படி போகாது. கடைசியாகப் பயன்படுத்திய மொழிக்குத்தான் போகும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டுகிறவர்களுக்கு இது வசதி, மூன்றாவது மொழி உள்ளவர்களுக்குத் தொல்லை. சூப்பரை விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் மூன்றாவது மொழி வரும். எப்போதும் ஒரே வரிசையில் சுற்ற வேண்டும் என்றால், க்னோம் ட்வீக்ஸ் செயலியில் கீபோர்டு பக்கத்தில் 'அடிஷனல் லேயவுட் ஆப்ஷன்ஸ்' திறந்து, மொழி மாற்றத்துக்கு ஆல்ட்-ஷிஃப்ட் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களைப் போல வகுப்புக் குறிப்பு ஒரு சன்னலிலும் பெற்றோருக்கான கன்னடக் கடிதம் இன்னொன்றிலும் எழுதுகிறவர்களுக்கு, செட்டிங்ஸின் கீபோர்டு பக்கத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைக்கும் தேர்வும் உண்டு. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும். பூட்டுத் திரையில் கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கும் முன் திரை மூலையில் மொழிக் குறியீட்டைப் பாருங்கள்.

போட்டிருந்த எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்? (மாரத்தஹள்ளி)

எக்ஸ்டென்ஷன்கள் திரைக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள். க்னோம் 45-இல் அவை உள்ளே எழுதப்படும் முறையே மாறியது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளைச் சேர்க்கும் பழைய வழியை விட்டுவிட்டு 'ஈஎஸ் மாட்யூல்' வழிக்குப் போனார்கள். 44 வரைக்கும் எழுதப்பட்டது எதுவும், எழுதியவர் திருத்தி வெளியிடாமல், 45-க்கு மேல் ஓடாது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்றும் பழைய உபாயமும் இனி பலிக்காது.

'எக்ஸ்டென்ஷன் மேனேஜர்' செயலியை நிறுவுங்கள். அதில் உள்ள 'அப்கிரேடு அசிஸ்டன்ட்', நீங்கள் வைத்திருப்பவற்றில் எது எந்தப் பதிப்புக்கு வந்திருக்கிறது என்று காட்டும். அடுத்த முறை ஏறுவதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது. வந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். பழைய திரையை அப்படியே மீட்க ஏழெட்டு எக்ஸ்டென்ஷன்களை அடுக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை: அவை ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தை நம்பி இருப்பவை. செட்டிங்ஸிலேயே இருக்கும் வசதியைத் தேடிப் பழகினால் அடுத்த பதிப்பிலும் அது கூட வரும்.

அலுவலக மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தால் எதிரில் இருப்பவர்களுக்குக் கறுப்பாகத் தெரிகிறதாம். (எலக்ட்ரானிக் சிட்டி)

நீங்கள் இப்போது, திரையில் சன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டில் இருக்கிறீர்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், 'சிஸ்டம் டீடெய்ல்ஸ்' என்று போனால் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியில் அது தெரியும். பழைய முறையான எக்ஸார்க்கில் எந்தச் செயலியும் மற்றச் செயலிகளின் திரையை அனுமதி கேட்காமலே படிக்கலாம். வேலேண்டில் அது நடக்காது. உங்களிடம் கேட்டு, நீங்கள் சுட்டிய சன்னலை மட்டுமே எடுக்க முடியும். பழைய வழியிலேயே கேட்கும் மீட்டிங் செயலிக்குக் கறுப்புத்தான் கிடைக்கும்.

அதே மீட்டிங்கை ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ திறந்து பகிருங்கள். எந்தத் திரை, எந்தச் சன்னல் என்று கேட்கும் பெட்டி வரும். அதில் தேர்ந்து அனுமதித்தால் வேலை முடிந்தது. செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் முதலில் அதன் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால், நுழைவுத் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கியதும் கீழே வலது மூலையில் தோன்றும் பற்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்பதைத் தேர்ந்து நுழையுங்கள். டச்பேடில் மூன்று விரல் சைகைகள் அங்கே கிடைக்காது. இதையே நிரந்தரமாக நம்பவும் வேண்டாம்: 2025 அக்டோபரில் வந்த 25.10-இல் உபுண்டு இந்த எக்ஸார்க் தேர்வை எடுத்துவிட்டது.

அம்மாவின் 14 அங்குல மடிக்கணினியில் எழுத்து பொடியாக இருக்கிறது. 125 சதவீதம் வைத்தால் சில செயலிகள் மங்குகின்றன. (ஜெயநகர்)

மங்குபவை வேலேண்டுக்கு இன்னும் மாறாத செயலிகள். அவற்றை ஓர் அளவில் வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்குவதால் விளிம்பு கரைகிறது. 'ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்' வசதியை அணைத்து, அளவை 100-க்கே கொண்டுவாருங்கள். பிறகு க்னோம் ட்வீக்ஸில் ஃபான்ட்ஸ் பக்கத்தில் 'ஸ்கேலிங் ஃபேக்டர்' 1.00 என்று இருப்பதை 1.15 ஆக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 1.25. எழுத்து மட்டும் பெரிதாகும், எங்கும் மங்காது. ட்வீக்ஸ் வேண்டாம் என்றால் செட்டிங்ஸ், 'அக்சசிபிலிட்டி', 'சீயிங்' பக்கத்தில் 'லார்ஜ் டெக்ஸ்ட்' ஒரே பொத்தான். 1.3-க்கு மேல் போனால் சில பெட்டிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும்.

திரை மொழியைத் தமிழாக வைத்திருந்தோம். இப்போது பாதி ஆங்கிலமாக வருகிறது. (பிரேசர் டவுன்)

செட்டிங்ஸ், சிஸ்டம், 'ரீஜன் அண்ட் லாங்குவேஜ்', அங்கிருந்து 'மேனேஜ் இன்ஸ்டால்டு லாங்குவேஜஸ்'. மொழித் தொகுப்பு முழுமையாக இல்லையென்றால் அதுவே நிறுவக் கேட்கும். பிறகு தமிழை ஆங்கிலத்துக்கு மேலே இழுத்து வைத்து வெளியேறி நுழையுங்கள். அதன் பிறகும் ஆங்கிலமாகவே நிற்கும் சொற்கள், புதிய பக்கங்களில் இன்னும் தமிழாக்கப்படாதவை. நுழைந்ததும் கோப்புறைகளின் பெயரையும் மாற்றட்டுமா என்று கேட்டால், பழைய பெயரையே வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டவுன்லோட்ஸ் என்ற பாதையை நம்பியிருக்கும் நிரல்கள் தடுமாறும்.

பயனர் கணக்கு, தேதி, ரிமோட் டெஸ்க்டாப் பக்கங்கள் எங்கே? (மர்பி டவுன்)

மூன்றும் 'சிஸ்டம்' என்ற ஒரே பக்கத்துக்குள் போய்விட்டன.

திரையைப் படமெடுத்தால் எங்கே சேர்கிறது? (மல்லேஸ்வரம்)

பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் தேர்ந்தெடுக்கும் பட்டை வரும். படம் பிக்சர்ஸ் கோப்புறைக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்பதில் சேரும். ஷிஃப்டோடு அழுத்தினால் பட்டை வராமல் முழுத் திரை, ஆல்ட்டோடு அழுத்தினால் நடப்புச் சன்னல். அதே பட்டையில் காணொளிக் குறியும் உண்டு. 20.04-இல் இருந்த 30 வினாடி வரம்பு இப்போது இல்லை.

அப்பாவின் பழைய கணினியில் 4 ஜிபி ரேம்தான். 20.04-இல் இருக்கிறது. மாற்றினால் திணறுவார் என்று பயம். (ஸ்ரீராம்புரம்)

கணினிதான் முதலில் திணறும். 4 ஜிபியில் 24.04 திறக்கும், ஆனால் உலாவியில் நான்கைந்து தாவல்கள் சேர்ந்ததும் இழுக்கும். அப்பாவுக்கு உபுண்டுவின் இலகுவான வடிவமான ஸுபுண்டு 24.04 பொருத்தம். அதன் எக்ஸ்எஃப்சிஇ திரையில் மெனு ஒரு மூலையில், பட்டை ஓர் ஓரத்தில் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. ஆதரவு 2027 ஏப்ரல் வரை. இருக்கும் உபுண்டுவின் மேலேயே ஸுபுண்டு திரையைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டின் செயலிகளும் அமைப்புகளும் ஒரே கணக்கில் கலந்து அவரைக் கூடுதலாகக் குழப்பும். கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே சுத்தம்.

நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, கணினியை அதிலிருந்து கிளப்பி, 'ட்ரை' என்பதைத் தேர்ந்து அப்பாவை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். வட்டில் எதுவும் மாறாது. அவர் தினமும் திறக்கும் இணையதளம், அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு மூன்றையும் அவர் கையாலேயே செய்யட்டும். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நிறுவிய பின் அதை மட்டும் சரிசெய்து கொடுங்கள்.

நிறுவும் நாளில் கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். உங்கள் பகுதிக்குப் பெஸ்காம் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தொகுப்புகள் பாதி நிறுவிய நிலையில் மின்சாரம் போனால், மறுமுறை கணினி வரைகலைத் திரை வரை வராமல் நின்றுவிடலாம்.