வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழுவில பேர் வந்திட்டுது, எங்க தொடங்கிறது?

கேள்வி: அமைச்சு ஒண்டில உதவிப் பணிப்பாளரா சேர்ந்து ஒரு வருசம் கூட ஆகேல்ல. வெளிநாடு ஒண்டோட நடக்கிற வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழுவில என்ர பேரையும் போட்டிட்டினம், அடுத்த சுற்றுக்கு நாலு மாசம் கிடக்கு. முந்தி இருந்தவர் மாற்றலாகிப் போட்டார், பைலில பாதிதான் இருக்கு. ஜெனீவாவில ரெண்டு கிழமைப் பயிற்சியும் ஒண்டு வருது. அதுக்குப் போனாக் காணுமோ? (கொழும்பிலயிருந்து ஒரு வாசகர்)

பயிற்சிக்குப் போங்கோ, விடாதேங்கோ. டபிள்யூடிஓ, அதாவது உலக வர்த்தக நிறுவனத்தின்ர சட்டம் விளங்கும், மற்ற நாட்டு ஆக்களோட பழக்கமும் வரும். ஆனா இலங்கைக்கு என்ன வேணும் எண்டு ஜெனீவாவில ஒருத்தரும் சொல்லித்தர மாட்டினம். திறன் வளர்ப்பு எண்ட உடன எங்கட ஆக்களுக்கு வொர்க்‌ஷொப், சேர்டிபிகேட், குரூப் போட்டோ இவ்வளவுதான் ஞாபகம் வரும், காசு குடுக்கிற நிறுவனங்களுக்கும் அதுதான் வசதி, இத்தினை பேரைப் பயிற்றினம் எண்டு ரிப்போட் எழுதலாம், அவையில எத்தினை பேர் இப்பவும் அதே கதிரையில இருக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

நான் பாத்த அளவில, பேசத் தெரிஞ்ச ஆள் எங்களிட்ட இல்லாமல் இல்ல. கையெழுத்துக்குப் பிறகு அதை நடத்தப்போற ஆளை, அதாவது சுங்கத்தில நிக்கிறவர், சாமான் எந்த நாட்டில செய்தது எண்டு காட்டுற ஒரிஜின் சேர்டிபிகேட்டில கையெழுத்து வைக்கிறவர், லாபில சாம்பிள் பாக்கிறவர், திறைசேரியில வருமானக் கணக்குப் பாக்கிறவர், இவையை முதல் கேக்கிறேல்ல, அங்கதான் அடி விழுகுது.

இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை எடுங்கோ. 1998 டிசம்பரில கையெழுத்து, 2000 மார்ச்சில நடைமுறை. தேயிலைக்கு வருசம் 15 மில்லியன் கிலோ, ஆடைக்கு 8 மில்லியன் உருப்படி எண்டு, சலுகைத் தீர்வையில இந்தியாவுக்கு அனுப்பக் கோட்டா கிடைச்சது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பத்தில இன்ன இன்ன துறைமுகத்தாலதான் இறக்கலாம், ஆடையில பெரும்பங்கு இந்தியத் துணியில தைச்சிருக்க வேணும் எண்டு நிபந்தனை, அதால கோட்டாவில சின்னத் துண்டுதான் பாவனைக்கு வந்தது. இப்பிடி ஒரு நிபந்தனை கட்டுப்படி ஆகுமோ எண்டு ஷிப்பிங் செய்யிற ஒருத்தரிட்ட கேட்டா அஞ்சு நிமிசத்தில சொல்லிப்போடுவார்.

வனஸ்பதி, அதாவது பாம் எண்ணெயில செய்யிற தாவர நெய், அதின்ர கதை நேர்மாறு. பாம் எண்ணெய்க்கு அப்ப இந்தியாவில தீர்வை கூட, இஞ்ச குறைவு, வனஸ்பதிக்கு உடன்படிக்கையில சலுகை, அப்ப இந்திய முதலீட்டாளரே இஞ்ச வந்து ஆலை போட்டு திருப்பி இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கிட்டினம், செம்பும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஏற்றுமதிக் கணக்கு சடாரெண்டு ஏறினது. பிறகு இந்தியா வருசத்துக்கு 2,50,000 தொன் எண்டு வனஸ்பதிக்கு எல்லை போட, அந்தத் தொழிலே படுத்திட்டுது. ரெண்டு நாட்டுத் தீர்வை அட்டவணையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, எங்க வித்தியாசம் பெரிசு, அதை வைச்சு ஆர் காசு பாக்கலாம் எண்டு பாத்தா இது முதலே தெரியும். எக்செல் தெரிஞ்ச ஒரு பிள்ளை காணும் இதுக்கு.

மிளகும் அப்பிடித்தான். வெளிநாட்டு மிளகுக்கு இந்தியாவில 70 சதவீதத் தீர்வை, எங்கட மிளகுக்கு வருசம் 2,500 தொன் வரைக்கும் பூச்சியம். வியட்நாம் மிளகு இலங்கைச் சேர்டிபிகேட்டோட வருது எண்டு இந்திய மிளகு விவசாயிகள் சத்தம் போட, 2017 டிசம்பரில இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைஞ்ச விலையில மிளகு இறக்க ஏலாது எண்டு அறிவிச்சது. மாத்தளையில தன்ர கொடியில ஆய்ஞ்சு முத்தத்தில காயப்போட்ட ஆளுக்கும் சேர்த்துத்தான் அந்த அடி. 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்க்க வேணும் எண்டு உடன்படிக்கையில எழுதிறது ஒரு வரி வேலை, அந்த 35ஐ ஆர் பாக்கிறது, தொழிற்சாலைக்கு ஆர் போறது, விளைச்சல் கணக்கையும் ஏற்றுமதிக் கணக்கையும் ஆர் ஒப்பிடுறது, அந்த ஆளுக்கு வாகனம் இருக்கோ? இதையெல்லாம் விதி எழுத முதல் கேளுங்கோ.

பிறகு காசு விசயம். எங்கட நாட்டில இறக்குமதித் தீர்வைக்கு மேல செஸ் எண்ட மேலதிக வரி, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி வரி எண்டு அடுக்கடுக்கா ஏத்தி வைச்சிருக்கிறம். தீர்வையைப் பூச்சியம் ஆக்கிட்டு செஸ்ஸை மட்டும் ஒளிச்சு வைக்க ஏலாது, எதிர்த்தரப்பு கட்டாயம் பிடிக்கும். 2018இல சிங்கப்பூரோட செய்த உடன்படிக்கையில இந்த வரியளையும் குறைக்க ஒத்துக்கொண்டாச்சு. அப்ப திறைசேரி ஆள் இல்லாமல் பேசப் போறது, வீட்டுக் கடன் எவ்வளவு எண்டு தெரியாமல் சீதனம் பேசப் போன தகப்பன் மாதிரித்தான். அதே உடன்படிக்கையில சேவைகள் பகுதிக்கு தொழில்சார் சங்கங்கள் எதிர்ப்புக் காட்டி, கையெழுத்து வைச்சு மாசக்கணக்காப் போன பிறகு அப்ப ஜனாதிபதியா இருந்த சிறிசேன நிபுணர் குழு போட்டு ஆராய வேண்டி வந்தது. ஆராயிற வேலை முதல் நடந்திருக்க வேணும், வேற என்ன சொல்ல.

நல்லதா ஒண்டும் இருக்கு. டபிள்யூடிஓவின்ர வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, இலங்கை 2016இலயே ஏற்றது, 2017 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. அதில வளர்முக நாடு ஒவ்வொரு கடமையையும் தானே ஏ, பி, சி எண்டு பிரிக்கலாம்: ஏ உடன செய்யக்கூடியது, பி காலம் வேணும், சி காலத்தோட உதவியும் வேணும். சி போட்டதுக்கு உதவி வந்து சேரேல்ல எண்டா அதை அறிவிச்சு காலத்தை நீட்டிக் கேக்கலாம். இருதரப்புப் பேச்சிலயும் இதே மாதிரி ஒரு பிரிவைக் கேளுங்கோ, தரமாட்டம் எண்டு சொன்னாலும் கேளுங்கோ. "தொழில்நுட்ப ஒத்துழைப்பு வழங்க முயற்சிக்கப்படும்" எண்டு ஒரு வசனம் வரும், அதில காசும் இல்ல, திகதியும் இல்ல.

இனி உங்கட நாலு மாசம். முதல் மாசம் ஒரு ஷீட் மட்டும் போடுங்கோ: நாங்கள் அந்த நாட்டுக்கு விக்கிறது, விக்கக்கூடியது, அவையின்ர தீர்வை, அதைவிட முக்கியமா லேபல், சோதனை, பூச்சிமருந்து எச்சம் மாதிரி மற்ற தடைகள். ஐடிசி, அதாவது சர்வதேச வர்த்தக மையத்தின்ர ட்ரேட் மேப், மார்க்கெட் எக்சஸ் மேப் எண்ட ரெண்டு இணையத் தளத்திலயும் கனக்க எடுக்கலாம். எச்.எஸ். எண்ட சுங்கப் பொருள் குறியீட்டில ஆறு இலக்கத்துக்குக் குறைய நிக்காதேங்கோ. கறுவாவை நாலு இலக்கத்தில, 0906 எண்டு பாத்தா அந்த நாடு கறுவா அள்ளி வாங்குது எண்டு தோணும், ஆறு இலக்கத்துக்கு இறங்கினா எங்கட கறுவா 0906.11, அவை வாங்கிறது முக்கால்வாசி 0906.19, அதாவது கசியா மாதிரி மலிவான மற்றக் கறுவா வகை, எண்டு தெரியவரலாம். அந்த ரெண்டு சந்தையும் ஒண்டில்ல.

பிறகு அந்த ஷீட்டோட சுங்கத்துக்கும் வர்த்தகத் திணைக்களத்துக்கும் நேர போங்கோ, கடிதம் எழுதிக் காத்திருந்தா சுற்று முடிஞ்சுதான் பதில் வரும். வர்த்தக சம்மேளனத்தில பெரிய கம்பனிக்காரர் தாங்களா வருவினம். சின்ன ஏற்றுமதியாளரை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேணும்.

பைலில இல்லாத பாதி, மாறிப்போனவரின்ர தலைக்குள்ள இருக்கு, போன் எடுங்கோ. ஓய்வுபெற்ற ஆக்களும் கேட்டா சொல்லுவினம், ஒருத்தரும் கேக்கிறேல்ல எண்டதுதான் அவையின்ர கவலை. நீங்கள் சுற்று முடிஞ்ச அண்டைக்கு இரவே, எதை ஏன் விட்டுக்குடுத்தம், அவை எதில மசியேல்ல எண்டு ரெண்டு பக்கம் எழுதி பொதுப் பைலில போடுங்கோ, உங்கட லப்டொப்பில மட்டும் வைக்காதேங்கோ, அடுத்த மாற்றல் லிஸ்டில உங்கட பேரும் வரும்.