யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர், கூடவே இரண்டு பதின்வயதுப் பிள்ளைகள்: கேள்வி பதில்

பிள்ளைகளை முதல்முறையாக வெளிநாட்டுத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் செந்தோசா தீவின் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றியவை. அதனால் இந்தச் சுற்று முழுக்க அதற்கே. டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். நான் எண் சொல்லும் இடங்களில் அதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: பையனுக்கு 15, பெண்ணுக்கு 12. ஏப்ரல், மே விடுமுறையில் எந்த வாரம் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்?

நம் ஊர் விடுமுறையைப் பார்க்காதீர்கள், சிங்கப்பூர்ப் பள்ளி நாள்காட்டியைப் பாருங்கள். அங்கே ஜூன் விடுமுறை என்று சொல்வது மே கடைசியிலேயே தொடங்கி நான்கு வாரம் ஓடும். அதற்கு முன்பு, அதாவது ஏப்ரல் இரண்டாம் பாதியிலும் மே இரண்டாவது, மூன்றாவது வாரத்திலும் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நமக்கோ விடுமுறை. அந்த நாள்களில் செவ்வாய், புதன், வியாழன் ஒன்றைப் பிடியுங்கள். மே 1 தொழிலாளர் நாள். சீனாவிலும் அதை ஒட்டித் தொடர் விடுமுறை வருவதால் அந்த வாரத்தையே விட்டுவிடுங்கள். புத்தருக்கான விசாக நாள் அங்கே பொது விடுமுறை, அதுவும் மே மாதத்தையொட்டி வரும், அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறையில் போகலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற பேய் இரவு நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த இரவுகள் வரும் நாள்களில் பகல் பூங்காவைச் சீக்கிரம் மூடிவிடுவது உண்டு. அரையாண்டு விடுமுறை, அதாவது கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, இருப்பதிலேயே மோசமான வாரம்.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்று: குழந்தை டிக்கெட் 4 முதல் 12 வயது வரைதான். போகிற நாளில் 13 நிரம்பியிருந்தால் பெரியவர் டிக்கெட். வித்தியாசம் இருபது சிங்கப்பூர் டாலரை ஒட்டி வரும். பிறந்தநாள் மே மாதத்தில் என்றால் அதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: டிக்கெட், ஹோட்டல், விசா. எதை முதலில் செய்வது?

மூன்றுக்கும் முன்னால் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பெற்றோர் பாஸ்போர்ட் பத்து வருடம் ஓடும். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான். பத்து வயதில் எடுத்தது பதினைந்தில் முடிந்திருக்கும், வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குடும்பப் பயணம் கடைசி நேரத்தில் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர் வாங்கும் கட்டணம் ஆளுக்கு 30 டாலர், மறுத்தாலும் திரும்பாது. ஏஜென்ட் கூலி தனி. பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய 30 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பழைய படத்தை ஒட்டினால் திரும்பி வரும்.

விசா கையில் வந்ததும் பூங்கா டிக்கெட்டை எடுங்கள். அது தேதி குறித்த டிக்கெட், நுழைவாயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புறப்படும் நாளை ஒட்டி ஆளுக்கு ஒன்றாக எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான இணையப் படிவம், நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் செய்யலாம். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல.

கோவையிலிருந்து: எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கியே ஆகணுமா? நாலு பேருக்கு வாங்கினால் பட்ஜெட் இரட்டிப்பாகிறது.

எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது கூடுதல் பணம் கட்டிக் குறுகிய வரிசையில் போவது. கூட்டமில்லாத வார நாளில் வேண்டாம். பணம் தண்டம். பள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு என்று வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் மட்டும் யோசியுங்கள்.

வாங்குமுன் எந்த வகை என்று பாருங்கள். சாதாரண எக்ஸ்பிரஸ் ஒரு ரைடுக்கு ஒரே ஒரு முறை. அன்லிமிடெட் வேறு, விலையும் வேறு. பதின்வயதுப் பிள்ளைகள் பிடித்த ரோலர் கோஸ்டரில் நாலு தடவை ஏறத்தான் ஆசைப்படுவார்கள். ஒருமுறை பாஸ் அதற்கு உதவாது. எல்லா ரைடும் அதில் அடங்காது என்பதையும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட உங்களுக்குப் பொருத்தமானது காசில்லாத ஒரு வழி: சிங்கிள் ரைடர் வரிசை. டிரான்ஸ்பார்மர்ஸ், பேட்டில்ஸ்டார் போன்ற ரைடுகளில் உண்டு. ஒற்றையாக மிஞ்சும் இருக்கையில் உட்கார வைப்பார்கள். குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது, கூட்டம் மிஞ்சினால் அந்த வரிசையையே மூடிவிடுவார்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையோடு போகிறவர் இதைப் பயன்படுத்த முடியாது, பதினைந்து வயதுப் பிள்ளையோடு போகிற நீங்கள் முடியும். முதல் தடவை சேர்ந்து ஏறுங்கள், அடுத்த தடவைகளுக்குப் பிள்ளைகளை அந்த வரிசைக்கு அனுப்புங்கள்.

சென்னையிலிருந்து: காலையில் உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் போவது? வரிசையாகச் சொல்லுங்களேன்.

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக அமைந்தது. நுழைவது ஹாலிவுட் பகுதி. கூட்டம் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வலப்பக்கம் திரும்பி, நியூயார்க் தெருவைத் தாண்டி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் நகரத்துக்கு நேராகப் போங்கள். படம் சாயங்காலம் எடுக்கலாம், வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

முதலில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. இரண்டு தண்டவாளம்: சிவப்பு ஹியூமன், உட்கார்ந்து போவது, தலைகீழாகச் சுழலாது, மணிக்கு 82 கிலோமீட்டர். நீலம் சைலான், கால் தொங்கிக்கொண்டே தலைகீழாகச் சுழலும், 90 கிலோமீட்டர். உயரம் 42.5 மீட்டர். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 2013இல் மூடி 2015இல் திறந்தபோது வரிசைக்கு நாலு இருக்கை இருந்த பெட்டிகளை இரண்டு இருக்கையாக மாற்றிவிட்டார்கள். ஒரு சுற்றில் ஏறுகிறவர்கள் பாதியானார்கள். அதனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் இந்த வரிசை நகரவே நகராது. மழை மின்னல் வந்தாலும் முதலில் நிற்பது இதுதான்.

பிறகு பக்கத்திலேயே டிரான்ஸ்பார்மர்ஸ். அடுத்து எகிப்துப் பகுதியில் ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி, இருட்டில் ஓடி நடுவழியில் பின்பக்கமாக இழுக்கும் கோஸ்டர். பத்து மணிக்குக் கதவு திறக்கும் நாளில் ஒன்பதே காலுக்கு வாசலில் நின்றால், பெரிய ரைடுகள் நாலையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். ஒன்பதே காலை பதினொன்று ஆக்கினால் அதே நாலுக்கு நாள் முழுக்கப் போய்விடும்.

சாப்பாடு பதினொன்றரைக்கே. பன்னிரண்டரைக்கு உட்கார மேசை கிடைக்காது. ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸை மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நனைவீர்கள். காலையில் ஏறினால் ஈர ஷூவோடு ஆறு மணி நேரம் நடந்து காலில் கொப்புளம்தான் மிச்சம். வாட்டர்வேர்ல்டு காட்சிக்கு நேரம் குறித்திருக்கும், கால் மணி முன்னால் போங்கள். மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது. சிறு பிள்ளைகள் கூட்டம் அங்கே பகலெல்லாம் அதிகம். சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிடித்ததில் திரும்ப ஏறுவதற்கு.

கிளம்புமுன் அதிகாரபூர்வத் தளத்தில் எந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். பிள்ளை மாதக்கணக்கில் யூடியூபில் பார்த்துக் காத்திருந்த ரைடு அன்றைக்கு மூடியிருந்தால் அன்றைய முகத்தை நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து: 13 வயது மகனுக்கு எல்லாவற்றிலும் ஏற ஆசை. 16 வயது மகளுக்குப் பயம். என்ன செய்வது?

மகளைக் கேலி செய்யாமல் இருப்பது முதல் வேலை. படிப்படியாகப் போகலாம்: ஃபார் ஃபார் அவே பகுதியில் எஞ்சாண்டட் ஏர்வேஸ் என்று ஒரு சின்னக் கோஸ்டர் இருக்கிறது, அதில் ஏறட்டும். பிடித்திருந்தால் ஹியூமன். மம்மி தலைகீழாகப் போகாது, ஆனால் இருட்டு. வேகத்துக்குப் பயப்படுகிறவர்களைவிட இருட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது கஷ்டம். வரிசையின் கடைசி வரை போய்விட்டு மனம் மாறினாலும் ஊழியரிடம் சொன்னால் வெளியே விட்டுவிடுவார்கள். இதை முன்பே சொல்லி வையுங்கள். திரும்பி வர முடியும் என்று தெரிந்தால்தான் பலரும் வரிசையில் நிற்கவே துணிவார்கள்.

மகன் பக்கம் உயரத்தைப் பாருங்கள், வயதை அல்ல. பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்டிமீட்டர், மம்மிக்கு 122, ஜுராசிக்குக்கு 107. பதின்மூன்று வயதுக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

குமட்டல் வருகிற பிள்ளை என்றால் கோஸ்டரைவிட டிரான்ஸ்பார்மர்ஸ்தான் அதிகம் படுத்தும். திரை ஓடும், இருக்கை ஆடும், உடம்பு குழம்பும். குமட்டத் தொடங்கினால் அங்கே கொடுக்கும் 3டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்க்காமல் மடியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. இட்லி அல்லது ரொட்டி அளவோடு. பஸ் பயணத்துக்குப் போடும் மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

ஈரோட்டிலிருந்து: பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் உட்காரலாமா?

விடலாம், மதியத்துக்குப் பிறகு. காலையில் சேர்ந்தே இருங்கள். பூங்கா சிறியது, சுற்றி வரும் பாதை ஒன்றுதான், தொலைந்து போவது கடினம்.

இரண்டு விஷயம் மட்டும். பேட்டில்ஸ்டாரில் போனைக் கையிலோ பாக்கெட்டிலோ வைத்துக்கொண்டு ஏற விட மாட்டார்கள், லாக்கரில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அழைத்தால் எடுக்க மாட்டார்கள், பதற வேண்டாம். அதனால் "போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பாமல் "மூன்றரைக்கு இந்தக் கடை வாசல்" என்று நேரமும் இடமும் சொல்லி அனுப்புங்கள். லாக்கர் சில நிமிடங்கள்தான் இலவசம், வரிசை நீண்டால் கட்டணம் ஏறும். ஒருவர் கையில் எல்லாப் பையையும் கொடுத்துவிட்டு ஏறினால் அந்தக் காசு மிச்சம்.

கும்பகோணத்திலிருந்து: கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மகளுக்கு அந்த நாள்களில் மாதவிலக்கு வரலாம்.

கூச்சப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் ரைடு ஒன்றை மட்டும் விட்டால் மற்ற எல்லாம் ஏறலாம். நனைந்தால் நாப்கின் தண்ணீரை உறிஞ்சி உடனே பயனற்றுப் போகும், அதுதான் காரணம். ஜுராசிக்கில் ஏறியே ஆகணும் என்றால் முழுநீளப் பாஞ்சோ (தலைவழியாகப் போடும் மழை அங்கி) போட்டு, கழிப்பறைக்குப் போக வசதியாகக் கடைசி ரைடாக வைத்துக்கொண்டு, மாற்று உடை எடுத்துப் போங்கள். கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை. ஊரிலிருந்தே வேண்டிய அளவு நாப்கின் கொண்டு போய்விடுங்கள்.

உடையைப் பற்றிப் பொதுவாக: துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கழன்று விழும் செருப்பு மூன்றும் வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் கட்டும் பட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜடையை உருட்டிக் கட்டிவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: நாங்கள் சைவம். எங்கே தங்கி, என்ன சாப்பிடுவது?

லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் பக்கம் தங்குங்கள். இரண்டும் வடகிழக்கு ரயில் தடத்தில் இருக்கின்றன, அதே தடத்தின் கோடியில் ஹார்பர்ஃப்ரன்ட். லிட்டில் இந்தியாவில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம், மாறி ஏற வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமளவிலாஸ் இருக்கிறது, காலை டிபனும் இரவுச் சாப்பாடும் அந்தத் தெருவிலேயே முடியும்.

ஹார்பர்ஃப்ரன்டில் இறங்கி விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்துக்குப் போனால் தீவுக்குள் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். ஆளுக்கு 4 டாலர், திரும்பும்போது இலவசம். முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு, பூங்கா அங்கேதான். நடக்கத் தயார் என்றால் கடல் மேல் போகும் நடைபாலம் இருக்கிறது, காசில்லை. ரயிலுக்கு வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். அப்பாவின் அட்டையில் நாலு பேரும் போக முடியாது. வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

பூங்காவுக்குள் வெளி உணவு கொண்டு போக அனுமதியில்லை. புளியோதரைப் பொட்டலம் வாசலோடு நின்றுவிடும். தண்ணீர் பாட்டில் கொண்டு போகலாம், குழாய்த் தண்ணீர் நேராகக் குடிக்கத் தக்கது. உள்ளே சைவம் கிடைக்கும், ஆனால் வகை குறைவு. கடையில் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம். முட்டையும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் சைவக் குடும்பத்துக்குச் சரி.

நெல்லையிலிருந்து: மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. மின்னல் இருந்தால் வெளியில் உள்ள ரைடுகள் நிற்கும், கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர்ஸ், மம்மி, ஸ்பெகெட்டி ஸ்பேஸ் சேஸ், ஷ்ரெக் ஓடிக்கொண்டிருக்கும். மதிய மழை அங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓயும். எல்லோரும் வெளியேறும் அந்த நேரம்தான் உங்களுக்கு லாபம். மழை நின்றதும் பேட்டில்ஸ்டார் வாசலில் போய் நில்லுங்கள், சோதனை ஓட்டம் முடிந்து திறக்கும்போது வரிசை கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்.

ஜொகூர் பாருவிலிருந்து: காலையில் வந்து இரவு திரும்பலாமா அக்கா?

திரும்பலாம். ஆனால் வார நாள் காலையில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே பாலம் வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பி வழியும். ஒன்பதே காலுக்குப் பூங்கா வாசல் என்றால் வீட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வரை ஐந்து நிமிடத்தில் போகும் ஷட்டில் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் பாலத்து நெரிசலே இல்லை, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்லண்ட்ஸிலிருந்து தோபி காட் வரை போய் வடகிழக்குத் தடத்துக்கு மாறுங்கள். அரைவல் கார்டு உங்களுக்கும் உண்டு.

வேலூரிலிருந்து: ஒரு நாள் போதுமா, இரண்டு நாள் டிக்கெட் எடுக்கட்டுமா?

ஒரு நாள் போதும். மறுநாள் செந்தோசாவிலேயே அட்வென்சர் கோவ் தண்ணீர்ப் பூங்காவோ சின்ன வண்டியில் சரிவில் சறுக்கி இறங்கும் ஸ்கைலைன் லூஜோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பூங்காவுக்கு நீச்சல் உடை வேண்டும், பருத்திச் சட்டையோடு விட மாட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வைப்பதாக இருந்தால் யூனிவர்சலை முதல் நாளில் வையுங்கள். தண்ணீரில் ஆடிவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்கு எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் எழுந்திருக்காது.