வடக்குப் பார்த்த பால்கனியில் என்ன விளையும்?

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டைமாடியில் தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எட்டடி நீளம், மூன்றடி அகலத்தில் வடக்குப் பார்த்த பால்கனி ஒன்றுதான் உண்டு. கார்த்திகையில் வைத்த தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்தும், பூத்த நாலைந்து பூக்களும் உதிர்ந்துவிட்டன. உரம் போதவில்லையா? (வாசகி, சென்னை)

பதில்: உரம் போதுமானதாகவே இருந்திருக்கும்; வெயில்தான் போதவில்லை. தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை வெளிறி, செடி முழுவதும் கம்பிப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், அது வெளிச்சத்தைத் தேடி நீண்ட செடி என்று அறியலாம். அந்த நிலையில் தழைச்சத்து உரத்தை மேலும் மேலும் இட்டால், தண்டு இன்னும் நீளுமே தவிர காய் பிடிக்காது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவை நன்றாகக் காய்க்க நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தாலே போதும்.

நீங்கள் நட்ட பருவத்தையும் கவனிக்க வேண்டும். கார்த்திகை, மொட்டைமாடித் தோட்டக்காரர்களுக்கு நல்ல பட்டம். ஆனால் அப்போது சூரியன் தென்திசையில் சாய்ந்து செல்வதால், வடக்குப் பால்கனிக்கு வெளிச்சம் வருமே தவிர வெயில் வராது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கிறது. உச்சி வெயிலை மேல்தளம் மறைத்துவிட்டாலும், அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உங்கள் பால்கனிக்குள் விழும், எதிரில் உயர்ந்த கட்டடம் இல்லாத வரையில். ஆகவே அரைக்கீரை, சிறுகீரை விதைப்பதைச் சித்திரையில் தொடங்குங்கள். விதை வாங்குமுன் ஒரு விடுமுறை நாளில், வெயில் விழும் இடத்தை மணிக்கொரு முறை சாக்குக்கட்டியால் தரையில் கோடிட்டு வையுங்கள். எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

வெயில் வராத மாதங்களுக்கும் பயிர் உண்டு. கொடிக்காலில் அகத்தியின் நிழலிலேயே வளர்ந்து பழகிய வெற்றிலைக் கொடியைத் தொட்டியில் நட்டு, பால்கனிக் கம்பியில் ஏற்றிவிடலாம். வல்லாரை, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி, புதினா ஆகியவையும் அரை நிழலைத் தாங்கும். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டிலேயே தடித்த காம்புகள் நாலைந்தைத் தேர்ந்து, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றி வந்தால், ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களிலிருந்து வெள்ளை நூலாக வேர் இறங்கும். அதை ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியில் நடுவது நல்லது, ஏனெனில் புதினா பக்கவாட்டில் ஓடிப் பரவும் செடி.

கேள்வி: காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றியும் என் கீரைத் தொட்டிகளில் இலை மஞ்சளாகி, தண்டு அடியில் அழுகிவிடுகிறதே? (வாசகர், கோவை)

பதில்: தவறாமல் ஊற்றியதுதான் காரணமாக இருக்கும். வெயில் குறைந்த இடத்தில் மண் மெதுவாகவே காயும். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு நீர் வேண்டாம். தொட்டியின் துளை அடைபடாமலும், அடித்தட்டில் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மண், மண்புழு உரம், கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் மண் இறுகாது. நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவோர் பலர். சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கதே ஆயினும், அதில் உப்பு செறிந்திருப்பதால் தொட்டிச் செடிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: பால்கனியே இல்லை, சமையலறை ஜன்னல் மேடை மட்டும் உண்டு. கறிவேப்பிலை வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: கறிவேப்பிலை வெயிலை விரும்பும் மரம், ஜன்னல் மேடையில் நோஞ்சானாகவே நிற்கும். அதற்குப் பதில் வெந்தயம் விதையுங்கள். அஞ்சறைப் பெட்டி வெந்தயமே போதும். விதைக்கடை விதைகளில் பூச்சிமருந்து பூசியிருக்கலாம் என்பதால், இளம் முளையாக உண்பதற்கு அவை வேண்டாம். ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு முழுதும் ஊறவைத்து, அடியில் துளையிட்ட தட்டில் இரண்டங்குல மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிவிடுங்கள். முதல் சில நாள் வளர்ச்சிக்குத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருப்பதால் ஜன்னல் வெளிச்சமே போதும். பத்து நாளளவில் விரல் நீளம் வந்ததும் கத்தரியால் நறுக்கி, அன்றைய பருப்பில் சேர்த்துவிடலாம். வாரத்துக்கொரு தட்டு விதைத்து வந்தால் இடைவெளியின்றிக் கீரை கிடைக்கும்.