சீருடையும் உச்சரிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மூன்று வாரங்களாக இரண்டாம் உலகப்போர் பற்றிய படங்களையும் தொடர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவருகிறேன். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடர் என்னை உலுக்கிவிட்டது. அதில் வரும் படை அதிகாரி வின்டர்ஸ் ஓர் அசல் அமெரிக்கராகவே என் மனத்தில் பதிந்திருந்தார். அவராக நடித்த டேமியன் லூயிஸ் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர் என்று பிறகு தெரிந்தபோது ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. தேடிப் பார்த்தால், ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தில் ஷிண்ட்லராக நடித்தவர் அயர்லாந்துக்காரர், ‘டவுன்ஃபால்’ படத்தில் ஹிட்லராக நடித்தவர் சுவிட்சர்லாந்துக்காரர். காதல் கதையில் யார் யாராக நடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. போரில் மடிந்தவர்களோ ஒரு நாட்டின் பெயரால் மடிந்தவர்கள். அவர்களுடைய சீருடையை வேற்று நாட்டவர் சம்பளத்துக்கு அணிவது முறைதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பல படங்களில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுகூட ஆங்கிலத்தையே, அதுவும் கடித்துத் துப்பிய ஆங்கிலத்தைப் பேசுகிறார்கள். அவர்கள் ஏன் தங்கள் மொழியில் பேசவில்லை என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மனக்குறையைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. போர்ப்படத்தில் வரும் பாத்திரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கல்லறை இருக்கிறது. ஆகவே அந்தச் சீருடையை யார் அணிகிறார் என்று பார்வையாளர் கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கேள்விக்குக் கடவுச்சீட்டைப் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதுதான் இத்தனை ஆண்டுகள் போர்ப்படங்களைப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம்.

நீங்கள் சொன்ன தொடரிலிருந்தே தொடங்குகிறேன். 2001-இல் வெளிவந்த அதில் லூயிஸ் மட்டுமல்ல, அமெரிக்க வீரர்களாக வரும் வேறு பலரும் பிரிட்டிஷ் நடிகர்களே. படப்பிடிப்பின் பெரும்பகுதியும் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் இருந்த பழைய விமானத் தளத்தில்தான் நடந்தது. வியட்நாம் போரில் பங்கேற்ற ஓய்வுபெற்ற மரைன் கேப்டன் டேல் டை என்பவரிடம் நடிகர்கள் பத்து நாள் இராணுவப் பயிற்சி பெற்றார்கள். இவையெல்லாம் எல்லோரும் சொல்லும் செய்திகள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சில முதியவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். குரல் தழுதழுக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது, ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர்கள் யார் என்று தொடர் நமக்குச் சொல்வதில்லை. பத்தாவது பகுதியின் முடிவில்தான் முதன்முறையாக அவர்களின் பெயர்கள் திரையில் வருகின்றன. அந்த முதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் வின்டர்ஸ். 2011 ஜனவரி வரை அவர் உயிரோடு இருந்தார். அதாவது, லூயிஸ் யாராக நடிக்கிறாரோ அந்த மனிதரின் முகத்தையே தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தொடர் நம்மிடம் சொல்கிறது. இதில் நீங்கள் ஏமாற்றப்படவில்லை. இதைவிட நேர்மையாக ஒரு நடிகரை நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிரியாக நடிப்பவர்களின் கதை இதைவிடச் சிக்கலானது. 1942-இல் வந்த ‘காஸாபிளாங்கா’வில் மேஜர் ஸ்ட்ராஸர் என்ற நாஜி அதிகாரி வருகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்த கான்ராட் வைட் பெர்லினில் பிறந்த ஜெர்மானியர். முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் பணிபுரிந்தவர். உங்கள் அளவுகோலின்படி நூற்றுக்கு நூறு பொருத்தமான தேர்வு. ஆனால் அவர் 1933-இலேயே, நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதப் பின்புலம் கொண்ட மனைவியுடன் நாட்டைவிட்டு வெளியேறியவர். பிறகு பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். யாரிடமிருந்து தப்பி வந்தாரோ அவர்களின் சீருடையைத்தான் ஹாலிவுட் அவரிடம் கொடுத்தது. அவரும் அதை அணிந்து, தான் அறிந்த அந்த இறுமாப்பைத் துளியும் குறைக்காமல் நமக்குக் காட்டினார். 1943-இல், போர் முடிவதைப் பார்க்காமலே, இறந்துபோனார்.

அந்தப் படத்தின் நடிகர் பட்டியலில் பெயர் இடம்பெற்ற முக்கியமான பதினான்கு பேரில் மூவர்தான் அமெரிக்காவில் பிறந்தவர்கள். செக் நாட்டுப் போராளியாக வருபவர் ஆஸ்திரியர். நார்வேப் பெண்ணாக வருபவர் ஸ்வீடன்காரர். விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் நாட்டுப்பாட்டைப் பாட, அதை மீறிப் பிரெஞ்சு தேசியகீதம் எழும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணீர் வழியப் பாடும் இளம்பெண்ணின் முகத்துக்குக் கேமரா நெருங்குகிறது. அவர் மடலீன் லெபோ. 1940-இல் பாரிஸ் வீழ்ந்தபோது யூதரான தன் கணவர் மார்செல் டாலியோவுடன் தப்பி வந்தவர். அந்த டாலியோவும் இதே படத்தில் சூதாட்ட மேசையருகே நிற்கிறார். அந்தக் கண்ணீரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அது நடிப்புக்காக வரவழைத்த கண்ணீர் அல்ல என்பதை அந்த முகமே சொல்லிவிடுகிறது.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் சினத்துக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது. 1942-இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே ஹாலிவுட்டின் போர்ப்படங்களில் ஜப்பானிய அதிகாரிகளாக நடிக்க ஜப்பானியர் இல்லை. சீன வம்சாவளியைச் சேர்ந்த ரிச்சர்ட் லூவும், கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பிலிப் ஆனும் படத்துக்குப் படம் அந்தக் கொடூரர்களாக நடித்தார்கள். பிலிப் ஆனின் தந்தை ஆன் சாங்-ஹோ கொரிய விடுதலைப் போராட்டத்தின் பெரும் தலைவர்களில் ஒருவர். ஜப்பானியர் சிறைப்படுத்தி, உடல் நலிந்து 1938-இல் இறந்தவர். தந்தையைக் கொன்ற படையின் சீருடையை மகன் அணிந்து நிற்கும் அந்தப் படங்களை, அந்தச் செய்தியை அறிந்தபின் நான் முன்புபோலப் பார்க்க முடிந்ததே இல்லை.

இதில் அநீதி எங்கே என்றால், ஒரு கொரியர் ஜப்பானியராக நடித்ததில் இல்லை. கதவு ஒரு பக்கம் மட்டுமே திறந்ததில் இருக்கிறது. 1944-இல் ஜப்பானின் சீனப் படையெடுப்பைப் பற்றி ‘டிராகன் சீட்’ என்ற படம் வந்தது. அதன் நாயகியான சீன விவசாயப் பெண்ணாக நடித்தவர் கேத்தரின் ஹெப்பர்ன், கண்களின் வடிவை மாற்றும் ஒப்பனையுடன். ஆசிய முகங்கள் கொடுமைக்காரர்களாக நடிக்கலாம், துணைப்பாத்திரங்களில் வரலாம். ஆனால் ஒரு சீனப் பெண்ணின் துயரத்தை நாயகியாக நின்று தாங்கும் இடம் ஒரு சீன நடிகைக்குக் கிடைக்காது. லூயிஸ் அமெரிக்கராக நடித்ததால் எந்த அமெரிக்க நடிகரும் வாழ்விழந்துவிடவில்லை. அமெரிக்கர்கள் ஆங்கிலேயர்களாகவும் எத்தனையோ படங்களில் நடிக்கிறார்கள். அங்கே போவதும் உண்டு, வருவதும் உண்டு. அந்தப் போக்குவரத்து இல்லாத இடத்தில்தான் வேற்று நாட்டவர் நடிப்பது பறித்தலாகிறது.

இனி உங்கள் மகனின் கேள்வி. உங்கள் கடிதத்திலேயே மிகக் கூர்மையான கேள்வி அதுதான் என்பேன். ஒருவன் தன் தோழனோடு தன் தாய்மொழியில் பேசும்போது அவர்கள் இருவர் காதிலும் அதில் எந்த அந்நியமும் ஒலிப்பதில்லை. கட்டளையோ, வீட்டு நினைவோ, கெட்ட வார்த்தையோ, எல்லாம் இயல்பாக வருகிறது. அவனை உடைந்த ஆங்கிலத்தில் பேசவைக்கும்போது, அவன் சொந்த மண்ணிலேயே, சொந்தத் தோழன் முன்னாலேயே அவனை அந்நியனாக்கிவிடுகிறோம். அதைவிட, பார்வையாளர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, இழுவையே இல்லாத நல்ல ஆங்கிலத்தில் பேசவைத்துவிடுவது மேல்.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. 1962-இல் வந்த ‘தி லாங்கஸ்ட் டே’ படத்திலேயே ஜெர்மானியர் ஜெர்மன் பேசுகிறார்கள், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு பேசுகிறார்கள், கீழே சப்டைட்டில் ஓடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரெம்பெர்க்’ இன்னும் நுட்பமானது. போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர் எழுந்து ஜெர்மன் மொழியில் வாதிடுகிறார். நீதிபதிகள் காதில் ஹெட்போன்களை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். கேமரா சட்டென்று அவர் முகத்தை நோக்கிப் பாய்கிறது. அந்தக் கணத்திலிருந்து அவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். இனி நாம் கேட்பது ஆங்கிலம், அவர் பேசுவது ஜெர்மன் என்று பார்வையாளரோடு படம் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது. உங்கள் மகனுக்கு இந்தக் காட்சியைக் காட்டுங்கள். 2006-இல் கிளிண்ட் ஈஸ்ட்வுட் ஐவோ ஜிமா போரை ஜப்பானியர் பக்கமிருந்து எடுத்தபோது, தான் அறியாத ஜப்பானிய மொழியிலேயே, ஜப்பானிய நடிகர்களை வைத்தே எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள்.

காதை வைத்து நடிப்பது என்றால் என்ன என்பதற்கு, நீங்கள் குறிப்பிட்ட அந்தச் சுவிட்சர்லாந்துக்காரர் புரூனோ கான்ஸே சான்று. மேடைகளில் முழங்கும் ஹிட்லரின் குரல் உலகம் முழுவதும் தெரிந்தது. அவர் சாதாரணமாக எப்படிப் பேசினார் என்று அறிய, 1942-இல் பின்லாந்தில் அந்நாட்டுப் படைத்தளபதி மன்னர்ஹைமுடன் அவர் உரையாடியபோது இரகசியமாகப் பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாவை கான்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். கையை நடுங்கவைக்கும் பார்க்கின்சன் நோய் கண்டவர்களையும் மருத்துவமனையில் சென்று கவனித்தார். தோட்டத்தில் சிறுவர்களை வரிசையாக நிறுத்திப் பாராட்டும் காட்சியில் அவருடைய வலக்கை ஒரு சிறுவனின் கன்னத்தைத் தட்டுகிறது. முதுகுக்குப் பின்னால் மறைத்த இடக்கை நிற்காமல் நடுங்குகிறது. அந்தக் கையில் எந்த நாட்டு அடையாளமும் இல்லை. உழைப்பு இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க நான் ஐரோப்பாவுக்குப் போயிருக்கவே தேவையில்லை. ஈழத்துப் பாத்திரம் என்றால் ‘ஓம்’, ‘கதைக்கிறன்’ என்று நாலு சொல்லைத் தூவிவிட்டால் போதும் என்று நினைக்கும் படங்களைப் பார்த்து நம்மில் பலர் இருக்கையில் நெளிந்திருக்கிறோம். நடிகர் எந்த ஊர்க்காரர் என்பதால் நெளியவில்லை. அந்தப் பேச்சு யாருடைய வீட்டிலும் பேசப்படாத பேச்சு என்பதால் நெளிந்தோம். 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற, பிரான்சின் ஓர் அடுக்ககத்தில் தஞ்சமடையும் ஈழ அகதிகளின் கதையான ‘தீபன்’ படத்தின் இயக்குநர் ஜாக் ஓடியார் பிரெஞ்சுக்காரர். நாயகனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன், சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, விலகி, பிரான்சில் அகதியானவர்; ஷோபாசக்தி என்ற எழுத்தாளராக நாம் அறிந்தவர். அவருக்கு இணையாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் தமிழ்நாட்டு நாடக நடிகை. ஒருவர் அந்தப் போரைக் கண்டவர், மற்றவர் காணாதவர். அந்த அடுக்ககத்தின் சிறிய அறையில் இருவரும் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் பேசிக்கொள்ளும் காட்சிகளில் அந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை.

கடைசியாக, உங்கள் அளவுகோலின்படி குற்றமே சொல்ல முடியாத ஒரு படம்: 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. பிரிட்டிஷ் கர்னலாக ஆங்கிலேயரான அலெக் கின்னஸ், ஜப்பானிய முகாம் தலைவராக ஜப்பானியரான செஸ்யூ ஹயகாவா, அமெரிக்கராக அமெரிக்கரான வில்லியம் ஹோல்டன். எல்லோரும் அவரவர் நாட்டுச் சீருடையில் இருக்கிறார்கள். படத்தின் பாலம் எழும்பியது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். ஆனால் அந்தக் கதைக்கு அடிப்படையான சயாம்–பர்மா ரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942-க்கும் 1943-க்கும் இடையே போடப்பட்டபோது, அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். காலராவிலும் பட்டினியிலும் செத்து, பாதையோரத்தில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள். அந்தப் படத்தில் அவர்களுக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. அவர்களாக நடிக்க எந்த நாட்டு நடிகர் வந்திருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.