குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்துபவர் கடலில் இறங்கலாமா?

நீச்சல் குளத்தில் நிற்காமல் 2 கிலோமீட்டர் நீந்துவதாகவும், கடலில் நீந்த அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கை வலிமைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கடலில் இறங்கும் முன் தண்ணீரைப் பார்த்து அறியும் பழக்கம் வேண்டும். குளத்தில் எத்தனை ஆண்டு நீந்தினாலும் அது வராது. எனக்கு வரவில்லை.

சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் கரையில் ஒரு காலை நான் இறங்கினேன். இருபுறமும் அலைகள் வெள்ளை வெளேரென்று உடைந்துகொண்டிருக்க, நடுவே இருபது முப்பது அடி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் சற்றுக் கறுத்து, அலையே உடையாமல் அமைதியாகத் தெரிந்ததால், அதுவே பாதுகாப்பான வழி என்று நினைத்தேன். சில நிமிடங்களில் கரையிலிருந்த படகுகள் சிறுத்துப் போயின. கரையை நோக்கி முழு வேகத்தில் கை போட்டும் ஒரு முழம்கூட முன்னேற முடியவில்லை. வலை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் படகிலிருந்தபடியே, "கரையப் பாக்காத தம்பி, வடக்கால போ!" என்று கத்தினார். அவர் சொன்ன பக்கம், கரைக்கு இணையாக நீந்தியதும் இழுப்பு விட்டது.

அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், கடலடி மணல்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அதன் வழியாக ஆறுபோல் உள்ளே திரும்பிப் பாய்கிறது. அங்கே ஆழம் அதிகமாதலால் அலை உடைவதில்லை. அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரை எட்டும். உலகின் முதல்தர வீரர்கள் 100 மீட்டர் போட்டியில் நீந்துவதே ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். அந்த ஓட்டம் உங்களைக் கீழே இழுக்காது, உள்ளே கொண்டுபோகும். அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதுதான் உயிரைப் பறிக்கிறது. சிக்கிக்கொண்டால் முதலில் மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். பிறகு பக்கவாட்டில் நகருங்கள்.

குளத்தின் அடித்தரையில் இருப்பதுபோல் வழிகாட்டும் கோடு கடலில் கிடையாது என்பதால், ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை முதலைபோலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே தூக்கித் திசை பார்க்க வேண்டும். அப்போது கரையில் ஒன்றை மட்டும் குறி வைக்காமல், ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் ஒரு பனைமரத்தையும் அதன் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக்கொள்வேன். இரண்டும் விலகத் தொடங்கினால், ஓட்டம் என்னைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது என்று பொருள்.

எந்த மாதம் இறங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்த யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954 மார்ச்சிலும், இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரலிலும் இறங்கினார்கள். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான சோழகம் தொடங்காத அந்த இடைவெளியில்தான் அங்கே கடல் படுத்திருக்கும். ஒரு கடலில் பெற்ற பழக்கம் இன்னொன்றில் அப்படியே உதவும் என்றும் எண்ண வேண்டாம். 1971இல் அதே நீரிணையை 51 மணி நேரத்தில் போய்த் திரும்பிய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். கோடையிலும் அங்கே நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரிதான். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

தனியாக இறங்காதீர்கள். இடுப்பில் நிறமான மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள். படகோட்டிகளுக்கு உங்கள் தலை தெரியாது. கழுத்திலும் அக்குளிலும் வாசலைன் தடவாவிட்டால் உப்பு நீரில் உராய்ந்து தோல் வழன்றுவிடும். சொறி (ஜெல்லிமீன்) மிதக்கும் நாளா என்று குப்பத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் சில வாரங்கள் கரைக்கு இணையாகவே, முதலில் கரையோர ஓட்டத்தை எதிர்த்தும் திரும்பும்போது அதனோடும் நீந்துங்கள். களைத்த நேரத்தில் கடல் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கரையேறும்போது மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை பின்னால் வரும் அலையைப் பாருங்கள். விரல்கள் மணலைத் தொட்ட பிறகே எழுந்து நில்லுங்கள். முன்பே காலை ஊன்றினால் அடுத்த அலை முழங்காலை மடக்கிப் புரட்டிவிடும்.