கட்டட வேலை தெரியாத நாங்க மேஸ்திரி வச்சு வீடு கட்டலாமா? 10 லட்சம் லோன் போதுமா?

கேள்வி: சார், நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், ரெண்டு பேருக்கும் சேர்த்து கையில 70,000 வருது, வாடகை 9,000. திருச்சி பக்கம் 1,200 சதுர அடி மனை இருக்கு, சேமிப்பு 9 லட்சம். 1,000 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்கு கான்ட்ராக்டர் 24 லட்சம் கேக்குறார். லேபர் கான்ட்ராக்ட்ல மேஸ்திரி வச்சு, பொருள் நாங்களே வாங்கினா 19 லட்சத்துல முடியும்னு மேஸ்திரி சொல்றார். எங்களுக்கு கட்டட வேலை ஒண்ணுமே தெரியாது. 10 லட்சம் லோன் போட்டு இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் சகோதரி, ஆனா 10 லட்சத்தை நம்பி இறங்காதீங்க. 16 லட்சத்துக்கு சாங்ஷன், அதாவது பேங்க் ஒப்புதல், வாங்கி வச்சுக்கோங்க. எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி ஓடும், தேவைப்படலைன்னா மிச்சத்தை எடுக்காம விட்டுடலாம், ஆனா பாதி வேலையில நின்னுகிட்டு இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு பேங்க்ல கேக்குறது ரொம்ப கஷ்டம்.

முதல்ல அந்த 19 லட்சத்துல என்னென்ன இருக்குன்னு கேளுங்க. சதுர அடி கணக்கு சொல்றப்போ போர், மோட்டார், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், இபி கனெக்ஷன் இதெல்லாம் பெரும்பாலும் வெளியிலதான் நிக்கும். வீடு முடிஞ்சும் தண்ணி இல்லாம, கேட் இல்லாம குடிபோக முடியாது இல்லையா.

அதைவிட முக்கியமா நான் பயப்படுறது ஒண்ணு இருக்கு. பேங்க் மொத்தமா பணம் தராது, முதல்ல உங்க பங்கை போடச் சொல்லும், அப்புறம் பேஸ்மென்ட், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை), ரூஃப்னு ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சு அவங்க ஆள் வந்து பார்த்தபிறகுதான் அடுத்த தவணை வரும், அதாவது செலவு முன்னாடி, பணம் பின்னாடி. இது ரூஃப் போடுற அன்னிக்குத்தான் நல்லா உறைக்கும். 1,000 சதுர அடிக்கு 5 இஞ்ச் சிலாப்னா சுமார் 95 மூட்டை சிமெண்ட், ஒரு டன் பக்கம் கம்பி, அது போக ஜல்லி, எம்சாண்ட், சென்ட்ரிங் (கான்கிரீட்டை தாங்குற பலகை, முட்டு) வாடகை, மிக்ஸர், ஆள் கூலின்னு எல்லாம் ஒரே வாரத்துல கேக்கும். அதுக்குன்னு 4 லட்சமாவது தனியா ஒதுக்கி வச்சிருக்கணும். பத்தலைன்னா கொஞ்ச நாளைக்கு நகையை அடகு வைங்க, விக்காதீங்க, பர்சனல் லோன் பக்கம் போகவே வேணாம். 9 லட்சத்துல 2 லட்சத்தை எது வந்தாலும் தொடாதீங்க.

வேலை தெரியாதுன்னு சொன்னீங்க, அதனால ஒரு சிவில் இன்ஜினியருக்கு ஃபீஸ் குடுத்து ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வாங்குங்க, கம்பி கட்டினதும் அவர் வந்து பார்க்காம கான்கிரீட் கொட்ட விடாதீங்க. இந்தக் காசுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க ப்ளீஸ். கலவை ஈஸியா ஓடணும்னு தண்ணிய கூட ஊத்துவாங்க, அப்படி ஊத்தினா பலம் போயிடும், உங்கள்ல ஒருத்தர் அன்னிக்கு லீவு போட்டு மிக்ஸர் பக்கத்துலயே நில்லுங்க. மூட்டையில PPCனு போட்டிருக்கிற, சாம்பல் மாதிரி பொருள் கலந்த சிமெண்ட்னா 10 நாளாவது தண்ணி கட்டி வைக்கணும். சென்ட்ரிங் வாடகை ஏறுதுன்னு சீக்கிரம் பிரிக்கச் சொல்வாங்க, தாங்குற சுவருக்கு சுவர் 4.5 மீட்டருக்குள்ள இருக்கிற சிலாப்புக்கே 7 நாள் முட்டு நிக்கணும், பீமுக்கு 14 நாள், இடைவெளி ரொம்ப நீளம்னா நாள் இன்னும் கூடும். எப்போ பிரிக்கலாம்னு இன்ஜினியர் சொல்லட்டும்.

மேஸ்திரிக்கு வேலை முடிய முடிய பணம் குடுங்க, அட்வான்ஸ் ஒரு வாரக் கூலிக்கு மேல போகக்கூடாது, ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல கையெழுத்து வாங்கிடுங்க. சிமெண்டை மொத்தமா வாங்கி அடுக்காதீங்க, மூணு மாசம் கிடந்தா வீரியம் குறைஞ்சிடும்.

இப்போ மாசக் கணக்கு. வட்டி 8.5 சதவீதம்னு வச்சா, வேலை நடக்குறப்போ 10 லட்சம் எடுத்த நிலையில வட்டி மட்டும் மாசம் 7,083, அதோட வாடகை 9,000, ஆக 16,000. 16 லட்சமும் எடுத்து 15 வருஷம் கட்டினா இஎம்ஐ சுமார் 15,750, அப்போ வாடகை இருக்காது. உங்க சம்பளத்துக்கு இது தாங்கும். வரிச்சலுகைய நம்பி கணக்கு போடாதீங்க, புது வரி முறையில நாம குடியிருக்கிற வீட்டு லோன் வட்டிக்கு கழிவே கிடையாது.

பிளான் அப்ரூவல் இல்லாம பேங்க்ல பேச முடியாது. உங்க மனை 2,500 சதுர அடிக்குள்ள, வீடும் 3,500க்குள்ளதான், தரைத்தளமோ மேல ஒரு மாடியோ மட்டும்னா 2024 ஜூலைல வந்த சுயசான்று முறையில (விதிப்படி கட்டுறோம்னு நாமளே உறுதி குடுக்கிறது) ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம், அதை முதல்ல முடிங்க. லோன் ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க, முதல் தவணை வர்றதுக்குள்ள ரெண்டு பேருமே டேர்ம் இன்சூரன்ஸ் (நமக்கு ஏதாவது ஆயிட்டா குடும்பத்துக்கு பணம் வர்ற பாலிசி) எடுத்துடுங்க.